பதிவு கவுண்டரில் மலர்

வியாழக்கிழமை

காய்ச்சல் மருந்துக்காகக் காலையில் சிம்பாங் ரெங்கம் கிளினிக்கிற்குப் போனேன். தங்கை மலர் அங்கே பதிவு கவுண்டரில் சேர்ந்து இரண்டு மாதமாகிறது. பிறந்ததிலிருந்தே அவளுக்குப் பேச்சு இழுத்து இழுத்துத்தான் வரும். வலது கையும் சரியாக மடங்காது.

என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். கவுண்டரில் நின்ற பெரியவர், தன் பெயரை அவள் கேட்டு முடிப்பதற்குள் பொறுமையிழந்தார்.

“வேற ஆள் இல்லையா லா?”

நான் எழுந்துவிட்டேன். உட்காரச் சொல்லி மலர் கண்ணைக் காட்டினாள்.

“இருக்காங்க, அங்கிள். ஆனா இந்தக் கவுண்டருக்கு நான்தான்.”

இடது கையாலேயே கீபோர்டைத் தட்டி அவருடைய விவரத்தை எடுத்தாள்.

“போன தடவ குடுத்த மருந்து ஒத்துக்கலன்னு இருக்கு. டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.”

“ஆமாம்மா, மறந்தே போச்சு,” என்றார், குரல் இறங்கி.

மாலையில் அவளைக் காரில் அழைத்து வரும்போது கேட்டேன்: “கோவம் வரலையா?”

“வந்துச்சுண்ணே. அப்புறம் லஞ்சுக்கு, கூட வேலை செய்யற ஐடா பொரிச்ச மீன் கொண்டாந்தா. மறந்துட்டேன்,” என்று சிரித்தாள்.

நீ வேலைக்குப் போகவேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எத்தனை வருடம் சொன்னேன்! அன்பு என்றுதான் நினைத்தேன். அதனால்தான் என்னிடம் சொல்லாமலே இன்டர்வியூவுக்குப் போயிருக்கிறாள்.

சாப்பிடும்போது, சனிக்கிழமையும் வேலை கேட்டிருப்பதாகச் சொன்னாள். வேண்டாம் என்ற சொல் வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

“எத்தன மணிக்குக் கொண்டு விடணும்?”

“பஸ் இருக்குண்ணே,” என்றாள்.