நெல்டாவுக்குப் பிறகு ஒரு பாட்டு

மார்ச் 6, 1984

காலையில் மெம்பிஸ் வானொலியில் ‘இன்னும் ஒரு ஆட்டம், நெல்டா’ போட்டார்கள். “எழுதிப் பாடியவர், மறைந்த டெல்மர் ரக்கர்” என்றான் அறிவிப்பாளன். நான் முட்டை தின்றுகொண்டிருந்தேன். ஒர்லீன் உடனே வானொலி நிலையத்துக்குப் போன் போட்டுவிட்டாள். “தம்பி, செத்துப்போன என் வீட்டுக்காரரு உப்பு பத்தலன்னு இங்க என் உசிர எடுக்கிறாரு. பேசுறீங்களா?”

பேசினேன். தொண்டையிலிருந்து வெறும் கரகரப்பு. அவன் நம்பியிருக்க மாட்டான்.

மார்ச் 10

கரகரத்த தொண்டையோடே விவசாயிகள் கூடத்தில் கச்சேரி. திரும்பத் திரும்ப நெல்டாதான் வேண்டுமாம். இருபது வயதில், பருத்திக் காட்டில் டிராக்டர் ஓட்டிக்கொண்டே கட்டிய பாட்டு. அதற்கப்புறம் எழுதியதை யார் கேட்டார்கள்? பிறகு எழுதுவதையே விட்டேன்.

ஒருத்தி ஒர்லீனிடம், “நீங்கதான் அந்த நெல்டாவா?”

“இல்லம்மா. அவ ஆடிட்டுப் போயிட்டா. துணி துவைக்க வந்தவ நான்.”

மார்ச் 19

கட்டியாம். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். எடுத்தால் உயிர் தங்கும், குரல் தங்காது.

திரும்பி வரும்போது ஒர்லீன்தான் வண்டி ஓட்டினாள். ஆற்றுப் பாலத்தில் என் முழங்கால்மேல் கையை வைத்தாள். என்னத்தச் சொல்ல? குரல் இருக்கிறப்பவே இவகிட்ட என்ன பேசிக் கிழிச்சேன்?

மார்ச் 24

டிரம் வாசிக்கும் ஹோய்ட் டேப் ரிக்கார்டரோடு வந்தான். “கடைசியா ஒரு தடவை நெல்டாவைப் பாடிருடா. உனக்கப்புறம் நாலு பேரு கேப்பாங்க.”

முடியாது என்றேன். அலுத்துவிட்டது.

“உனக்கு என்ன வேணும்?” என்று ஒர்லீனைக் கேட்டேன்.

“காலையில என்னைத் திட்டுவியே, அதைப் பதிஞ்சு குடு.”

ஹோய்ட் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

காபி ஆறிப்போச்சு, என் செருப்பை எங்கே போட்டாய் — மூச்சு வாங்கத் திட்டினேன். கொஞ்ச நேரத்தில் திட்ட ஒன்றுமே அகப்படவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். அவள் டேப்பை நிறுத்தவில்லை.

மார்ச் 27

நாளை ஆபரேஷன்.

ஏப்ரல் 22

வீட்டுக்கு வந்தாயிற்று. கழுத்துத் துளை வழியாக மூச்சு. எழுதக்கூடக் கை வரவில்லை.

ஜூன் 5

தூசி தட்டத்தான் கிதாரை எடுத்தேன். ஒரு மெட்டு வந்தது. எத்தனையோ வருஷம் கழித்து! பாடிப் பார்க்க வாயைத் திறந்தால் — ஒன்றுமில்லை. எழவெடுத்த தொண்டை! பாடாம எப்படித் தெரியும், அது பாட்டா இல்லையான்னு?

ஒர்லீன் பாத்திரம் கழுவுவதை நிறுத்தினாள். “என்னது அது? நல்லாருக்கே.”

வரிகளை எழுதி அவளிடம் நீட்டினேன்.

“நானா? நான் பாடினா மாடு பால் கறக்காது, டெல்மர்.”

ஜூன் 14

தினமும் பாடுகிறாள். மெட்டு ஏறும் இடத்தில் இறங்குகிறாள். நாற்காலியைத் தட்டினேன். மறுபடியும் இறங்கினாள். மறுபடியும் தட்டினேன்.

“தொண்டையே இல்லாம இந்தக் கத்து கத்துறியே, மனுஷா!” என்று தாளை வீசினாள். பிறகு அவளே பொறுக்கிக்கொண்டாள்.

ஜூலை 8

சர்ச் விருந்து. மரத்தடியில் நீள மேசைகள், வறுத்த கோழி. ஹோய்ட் மேசையிலேயே தாளம் போட்டான். ஒர்லீன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் இடுப்பில் கட்டிய ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டு பாடினாள். தின்றுகொண்டிருந்தவர்கள் தின்பதை நிறுத்தினார்கள்.

அதே இடத்தில் இறங்கினாள். இறங்கியதும் பயந்து என்னைப் பார்த்தாள்.

கிதாரில் நானும் கூடவே இறங்கிப் போனேன்.