மூன்று சபீனாக்கள்

அன்பு டெர்மட்,

கிளாஸ்கோவில் குளிர் எப்படி? இங்கே மேயோவில் மழை விடவில்லை. உன் அம்மாவும் பிடிவாதத்தை விடவில்லை. பிறக்கப்போவது பெண் என்றால் மறுபடியும் சபீனாதான் என்கிறார்.

"போன புள்ள பேர அடுத்ததுக்கு வைக்கிறதுதான்டி நம்ம வழக்கம். நம்பலேன்னா கோயில் ஏட்டப் போய்ப் பாரு."

பார்த்தேன். பாதிரியார் அயர்லாந்துப் பஞ்ச காலத்து ஞானஸ்நானப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார். வம்சாவளிப் படத்தில் மூத்தவள் என்று நாம் எழுதி மாட்டியிருக்கிறோமே, அந்தச் சபீனா மூத்தவளே இல்லை. அதே அப்பா, அதே அம்மா. அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு சபீனாக்கள். ஒருத்தி போனதும் அடுத்தவளுக்கு அதே பெயர்.

வந்து சொன்னதும் உன் அம்மாவுக்கு வாயெல்லாம் பல். "பாத்தியா, மூணாவது தங்கிச்சுல்ல!"

"மொத ரெண்டையும் எங்க பொதச்சாங்க, அத்தை?"

"அதெல்லாம் யாருக்குடி தெரியும்? கெழங்க உரிச்சியா இல்லியா?"

மாடியறை அலமாரியைத் திறந்து அந்தச் சின்னத் துணிகளைத் துவைத்து வைக்கச் சொல்கிறார். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன். அது என் கழுத்தில்தான் தொங்குகிறது.

வரும்போது வேறு ஒரு பெயர் யோசித்துக்கொண்டு வா. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் மலையடிக் கல்லறையில் நாம் விட்டுவந்தவளிடம் அந்தப் பெயரைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொள்ள என்னால் முடியாது.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அவள் அம்மா