ஊர் கேட்டு வந்தவர்கள்

2012 மார்ச் 11, ஞாயிறு

காலையில் உடுப்புத் தோய்த்தேன். மத்தியானம் காலுவோடு அவனுடைய ஊர்ச் சங்கக் கூட்டத்துக்குப் போனேன். நைஜீரியாவில் இக்போ மக்களின் ஊர், அபிரிபா. சிட்னியில் அந்த ஊர்க் குடும்பங்கள் பதினொன்றுதான். அதற்கும் தலைவர், செயலாளர், ஒரு சண்டை. எங்கட ஆக்களேதான்!

காலு போனைத் திறந்து ஊரைக் காட்டத் தொடங்கினால் நிறுத்தமாட்டான். மலையடியில் மாடிவீடுகள். ஒரே வயதுக்காரர் ஒரு குழுவாய்ச் சேர்ந்து கட்டிய பள்ளிக்கூடம். “அரசாங்கம் வரும் என்று நாங்கள் பார்த்துக்கொண்டிருப்பதில்லை” என்றான். முகமெல்லாம் வெளிச்சம்.

ஒரு பெரியவர் என்னிடம், “மகளே, உன் ஊர் எது?” என்று கேட்டார்.

“யாழ்ப்பாணம்.”

“அது பட்டணம். உன் அப்பாவின் ஊர்?”

“மயிலிட்டி” என்றேன். பொய் சொன்னதுபோல் இருந்தது. சண்டைக்குள் ஐந்து வயதில் வெளிக்கிட்டது. அதற்குப் பிறகு அங்கே முள்ளுக்கம்பியும் ஆமியும்தான்; ஊர்ச்சனத்தை உள்ளே விடுவதில்லை. எனக்கு அந்த ஊரில் ஒன்றுமே ஞாபகம் இல்லை. கடல்கூட.

காலு என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு வருடமாய்ப் பழகுகிறோம். இந்தப் பெயரை அவனுக்குச் சொன்னதே இல்லை.

மார்ச் 14

யாரோ கூட்டத்துப் படத்தை என் பெயரோடு பேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். செவன் ஹில்ஸில் ஒரே வீட்டில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாதது ரொறன்ரோவில் இருக்கிற சித்திக்கு முதலில் தெரிந்துவிட்டது. சித்தி அம்மாவுக்குப் போன் எடுத்தா. அம்மா என்னுடைய அறைக்கு வந்தா.

“ஆரடி அந்தக் கறுவல்?”

“என்னோட ஆஸ்பத்திரியில வேலை செய்யிறவர், அம்மா. பிசியோ.”

“ஊர் பேர் தெரியாத ஒருத்தனோட—”

ஊர் பேர் தெரியாதவனா? ஊரைத் தவிர வேறொன்றும் அவன் கதைப்பதில்லையே, அம்மா. சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மார்ச் 15

அம்மா கதைக்கவில்லை. அப்பா வழமைபோல் ஒன்றும் சொல்லவில்லை.

யூன் 10

காலுவின் குடும்பம் ஸ்கைப்பில் கூடியது. அவனுடைய தகப்பன் அபிரிபாவில், தம்பி சீனாவில் குவாங்சோவில், அக்கா ஹூஸ்டனில். அங்கே விடியப்புறம் மூன்று மணி. கண்ணைக் கசக்கிக்கொண்டு இருந்தா. சிட்னியில் நாங்கள் இரண்டு பேரும் காலுவின் கட்டிலில், பாடம் ஒப்புவிக்க வந்த பிள்ளைகள் மாதிரி.

நான் கறுப்பியா வெள்ளைச்சியா, என்ன சமயம், ஒருவரும் கேட்கவில்லை. தகப்பன் கேட்டது ஒன்றே ஒன்று: “அவள் ஊருக்கு எங்கள் ஆட்கள் எப்போது போகலாம்?” பெண்ணின் தகப்பன் வீட்டு வாசலில், குடிவகையோடு போய்க் கேட்பதுதான் முறையாம். றோட்டில் கண்டெடுத்த பிள்ளையா அவள் என்றார்.

அங்கே போகேலாது என்று காலு விளக்கினான். இணைப்பு அறுந்து அறுந்து வந்தது. அவருக்கு விளங்கவில்லை. அது எப்படி, ஒருவனுடைய ஊருக்கு அவனாலேயே போகேலாமல் இருக்கும்?

எனக்கும்தான் விளங்கவில்லை.

ஓகஸ்ட் 18, சனி

மயிலிட்டிக்குப் போகேலாததால் எங்கட வீட்டுக்கே பெண் கேட்டு வந்தார்கள். மெல்பேர்ணில் டார்னெய்ட்டில் இருக்கும் காலுவின் சித்தப்பா, ஊர்ச் சங்கத்தில் இருவர், காலு. நீளமான பூப்போட்ட சட்டைகள், இரண்டு போத்தல். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை.

சித்தப்பா எழும்பி நின்று இங்கிலிசில் சொன்னார்: “உங்கள் தோட்டத்தில் ஒரு பூவைக் கண்டோம்.” அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். குளிர்களஞ்சிய வேலையில் வெடித்த விரல்களைக் கோத்தபடி. பிறகு, திக்கித் திக்கி:

“இது என் தோட்டம் இல்லை. வாடகை வீடு. என்னிடம் கேட்க வேண்டுமென்றால் மயிலிட்டிக்கு வாருங்கள்.”

சொல்லிவிட்டுப் பின்வளவுக்குப் போனார். போத்தல்கள் மேசையில் திறக்காமல் நின்றன.

“நல்லாச் சொன்னியள்” என்று அம்மா குசினியிலிருந்து.

அது மறுப்பா? மறுப்புத்தான் என்றால் ஏன் அவருடைய குரல் அப்படி நடுங்கியது?

ஓகஸ்ட் 20

காலு மயிலிட்டிக்குப் போகப் போகிறானாம். அன்றைக்கே பின்வளவுக்குப் போய் அப்பாவிடமும் சொல்லிவிட்டானாம். “உன் அப்பா கூப்பிட்டார்” என்கிறான். அவர் கூப்பிடேல்லையடா, உங்களைக் கலைச்சு அனுப்பினவர்!

கத்திவிட்டேன். எனக்கே இல்லாத ஊர் உனக்கென்னத்துக்கு? நீ நாளைக்கு அபிரிபாவில் வீடு கட்டிப் போயிடுவாய், நான் எங்க நிக்கிறது?

“என்னோடு” என்றான். பதிலா அது? அவனில் எனக்கு இருப்பது அன்பா, பொறாமையா — தெரியவில்லை.

நவம்பர் 3

இரண்டு மாதமாய்ச் சரியான கதை இல்லை. ஆஸ்பத்திரி லிப்டில் கண்டேன். “சுகமா?” “ஓம்.” அவ்வளவுதான். தமிழில் கேட்டான். பாவி.

2013 மே 5

மயிலிட்டி இருக்கிற வலிகாமம் வடக்குக் காணிகளை அரசாங்கம் எடுக்கப்போகிறது என்று அறிவித்தல் ஒட்டியிருக்கிறார்களாம். அப்பா சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பினார். பிறகு என்னிடம்:

“அந்தப் பெடியன்ர நம்பரைத் தா.”

“எந்தப் பெடியன்?”

“வாறனெண்டவன்.”

யூன் 16

அப்பாவும் காலுவும் யாழ்ப்பாணத்தில். சுன்னாகத்தில் மாமி வீட்டில் நிற்கிறார்கள். அம்மா இரண்டு கிழமையாய் என்னோடும் கதையில்லை, அப்பாவோடும் கதையில்லை.

காலு போன் எடுத்தான். வேலியடியில் ஆமிக்காரன் திரும்பிப் போகச் சொன்னானாம். அங்கிருந்து இடம்பெயர்ந்தவர்களின் முகாமுக்குப் போனார்களாம். முந்தி அப்பாவோடு மயிலிட்டி ஐஸ் கொம்பனியில் வேலை செய்த மகேந்திரராஜா என்பவர் குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிட்டாராம். மூன்று மணித்தியாலம் பாயில் இருந்து கதைத்திருக்கிறார்கள். காலுவுக்கு ஒரு சொல் விளங்கவில்லை.

“உன் அப்பா இப்படிச் சத்தமாய்ச் சிரிப்பார் என்று நீ சொல்லவேயில்லையே.”

எனக்குத் தெரியாது, காலு. நான் கேட்டதே இல்லை.

“கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவரிடம் பெண் கேட்டேன்” என்றான்.

“என்ன சொன்னார்?”

“உன்னிடமே கேட்கச் சொன்னார்.”

போனை வைத்துவிட்டேன்.

யூலை 2

காலு தனியாய் வந்தான். அப்பா வரவில்லை. “கொஞ்ச நாள் நிண்டு வாறன்” என்று சொல்லிவிட்டாராம்.

அம்மா வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டா. “என்ர மனுசனைக் கொண்டுபோய் விட்டிட்டு வந்து நிக்கிறியோ?” தமிழில்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஒரு எழுத்துக்கூட விளங்கியிராது, ஆனாலும் அசையவில்லை. அம்மா அழுதுமுடித்து, உள்ளே போய், அவனுக்கும் சோறு போட்டா. நான் அவனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தேன்.

செப்ரெம்பர் 8

அப்பா எடுத்தார். மயிலிட்டியில் இருந்த குடும்பங்களின் விபரம் பதிகிறார்களாம். எப்போது ஊருக்குள் விடுவார்கள், விடுவார்களா — ஒருவருக்கும் தெரியாது.

“உன்ர பேரையும் போடட்டோ?”

“போடுங்கோ.”

எழுதும் சத்தம் கேட்டது. பின்னால் சேவல், யாரோ சைக்கிள் மணி. நான் கேட்டேன்:

“அப்பா, மருமகன்ர பேரும் போடலாமோ எண்டு கேளுங்கோ.”

எழுதும் சத்தம் நின்றது.

“அவன்ர முழுப்பேரை ஒருக்கா ஆறுதலா, எழுத்தெழுத்தாச் சொல்லு, பிள்ளை” என்றார்.