இருபதும் தப்பு

பிப். 5, வியாழன்

காலையில் பனி. காளவாசல் சிக்னல் கண்ணுக்குத் தெரியவில்லை, ஹாரன் மட்டும் கேட்டது. கடை திறக்க ஏழரை.

புதுக் கம்பெனி வெண்டை விதை வந்திருக்கிறது. டப்பாவில் படம் பிரமாதம். படத்தை நம்பி நான் விற்றதில்லை. நூறு விதை எண்ணி, ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, கடைக்குப் பின்னால் நிழலில் வைத்தாயிற்று. எத்தனை முளைக்கிறது என்று எண்ணிய பிறகுதான் விற்பனை.

செய்ய வேண்டியவை: உசிலம்பட்டி பார்ட்டிக்கு போன். தராசு முத்திரை. மகள் விஷயம்.

ஹரிணிக்கு பிளஸ் டூ முடிந்ததும் பயிற்சி வகுப்பு. டாக்டருக்கு என்றால் நீட், பெரிய இன்ஜினியரிங் காலேஜுக்கு என்றால் ஜே.இ.இ. இரண்டு வகுப்பும் ஒரே நேரத்தில். வகுப்பு சார் கறார்: "ரெண்டையும் பிடிச்சுத் தொங்குனா ரெண்டும் போயிரும்ணே. வர்ற வியாழனுக்குள்ள ஒண்ணைச் சொல்லிருங்க."

அவளிடம் கேட்டேன். "எதுன்னாலும் சரிப்பா." துணி எடுக்கப் போனாலும் இதே பதில்தான். தங்கமான பிள்ளை.

பிப். 6, வெள்ளி

வசந்தி அழகர்கோவில் போய் வந்தாள். மகளுக்கு டாக்டர் சீட் கிடைத்தால் முடி இறக்குவதாக வேண்டுதல். என்னிடம் கேட்கவில்லை. மகளிடமும் கேட்டிருக்க மாட்டாள்.

"இன்ஜினியரிங்னா வடக்க எங்கயாவது தூக்கிப் போட்டுருவான். டாக்டருன்னா இங்கனயே இருப்பா." யார் சொன்னது என்றால், அவள் அண்ணன் சொன்னாராம்.

அண்ணன் என்றால் மச்சான் சேகர். ஹரிணி பத்தாவதில் நல்ல மார்க் எடுத்தபோது தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தவர். அவள் முகத்தை வெட்டி ஒட்டி வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். 'வருங்கால டாக்டர்'. இப்போது அது என் குடோனில் மூட்டைகளுக்குமேல், ஒழுகலுக்கு மறைப்பாக.

உண்மையைச் சொன்னால் எனக்கும் ஆசைதான். எட்டாவதோடு நின்று, விதைப் பொட்டலம் கட்டி சைக்கிளில் ஊர் ஊராக விற்றவன். 'டாக்டரோட அப்பா' என்று எவனாவது சொன்னால் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியும் இருக்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே.

ஆனால் ஆசையை வைத்துச் சரக்கு எடுக்கக் கூடாது. சாம்பிள் பார்ப்பது என்று முடிவு. சாரிடம் இரண்டு மாதிரித் தாள், விடையோடு வாங்கியாயிற்று. நாளை நீட், ஞாயிறு ஜே.இ.இ. தலா மூன்று மணி நேரம், எதிரில் நான். எதில் தேறுகிறாளோ அதற்குப் பெயர் கொடுப்பது.

ஹரிணிக்கும் சம்மதம். "சரிப்பா."

பிப். 7, சனி

வெயில். நீட். டிவி கிடையாது, மிக்ஸி கிடையாது. அடுப்படியில் வசந்தி முணுமுணுப்பு: "எம்புட்டு நேரந்தான் தேங்காயைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது?"

720க்கு 431. சாருக்கு போன். "பத்தாதுண்ணே. ஆனா ஏத்திரலாம்."

பேப்பரில் ஒரு மாணவியைப் பற்றிச் செய்தி. பரீட்சை பயம். பிள்ளை இப்போது இல்லை. அந்தத் தாளை மட்டும் உருவிக் கடைக்கு எடுத்துப் போய்விட்டேன். சாயங்காலம் ஹரிணி, "மூணாம் பக்கத்தைக் காணோமேப்பா" என்றாள். நான் ஏதோ உளறினேன். "பரவால்ல. போன்லயே படிச்சுட்டேன்."

சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அதுதான் குடைகிறது.

பிப். 8, ஞாயிறு

ஜே.இ.இ. இயற்பியல், வேதியியல் சுமார். கணக்கில் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் இருபது. இருபதும் தப்பு. மைனஸ் இருபது. விடையை நாமே எழுதும் ஐந்து கேள்விகளைத் தொடவே இல்லை.

மதியம் கறிச்சோற்றுக்கு சேகர். "பாத்தீகளா மாப்ள! ஒண்ணு கூடத் தேறல. எங்க டாக்டரம்மாவுக்குக் கணக்கு எதுக்கு? ஊசி போட்டமா, பீஸை வாங்குனமான்னு போயிக்கிட்டே இருப்பா!"

ஹரிணி சிரித்தாள். வசந்தி முகத்தில் அழகரே நேரில் வந்து சொல்லிவிட்டுப் போன மாதிரி ஒரு களை. எனக்கும் நிம்மதி. நிம்மதி என்றுதான் எழுத வேண்டும்.

பிப். 9, திங்கள்

தலைவலி. முத்திரைக்காரர் வரவில்லை.

அரையாண்டு மார்க் கார்டு ஞாபகம் வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டேன். கணக்கு 98. பள்ளிக்கூடக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறாக இருக்கும்.

பிப். 10, செவ்வாய்

சாக்கைப் பிரித்து எண்ணினேன். 82. மோசமில்லை. கீழக்குயில்குடிக்காரர் ஒருவர் பக்கத்தில் குந்தி, "மொளைச்சிருச்சாண்ணே? அப்ப எனக்கு ரெண்டு டப்பா" என்றார்.

எண்ணும்போது பழைய லாட் ஒன்று ஞாபகம். நூறில் ஒன்றுகூட முளைக்கவில்லை. கெட்ட விதை, பழைய விதை, பூச்சி அடித்த விதை, எதுவானாலும் ஏழெட்டாவது தலை நீட்டும். ஒன்றுகூட இல்லையென்றால் விதை கெட்டதில்லை. எவனோ சூடு காட்டியிருக்கிறான். விசாரித்தால், கோடை முழுக்கத் தகரக் கொட்டகையில் வெந்த மூட்டை.

கை அப்படியே நின்றுவிட்டது. இருபதில் இருபது.

மதியமே வீட்டுக்கு. ஹரிணி பள்ளியில். ஜே.இ.இ. தாளை எடுத்தேன். அந்தக் கேள்விகளை எனக்கு வாசிக்கக்கூடத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு, இருபதுக்கும் தோன்றியதை டிக் அடித்தேன். சரிபார்த்தால் ஆறு சரி. மறுபடியும் செய்தேன். நாலு. மறுபடியும். அஞ்சு.

எட்டாவது படித்தவன் கண்ணை மூடிக்கொண்டு அஞ்சு. 98 வாங்குகிறவள் கண்ணைத் திறந்துகொண்டு சுன்னம்.

வசந்தி எட்டிப் பார்த்து, "கடையை விட்டுட்டு வந்து என்ன, நீங்க பரீட்சை எழுதுறீக?"

பேசாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் சந்தோஷம். நாளை மறுநாள் பெயர் கொடுத்தால் முடிந்தது. அரை மணி நேரம் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

பிப். 11, புதன்

காலை. பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வழியில் வண்டியை ஓரங்கட்டினேன்.

"இருபதையும் தப்பாப் போட எம்புட்டு நேரமாச்சு தாயி?"

எதைக் கேட்கிறேன் என்று அவள் கேட்கவில்லை.

"ரெண்டு மணி நேரம்ப்பா."

"அம்புட்டு நேரமா?"

"எது சரின்னு தெரிஞ்சாத்தானப்பா அதை விட்டுட்டு வேற போட முடியும்."

ஏன் என்றேன்.

"அம்மா வேண்டிருச்சு. மாமா ஃப்ளெக்ஸே வச்சிருச்சு. நீங்க வர்றவுக போறவுககிட்டல்லாம் டாக்டரு டாக்டருங்கிறீக. நான் என்னத்தச் சொல்ல?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்கதானப்பா சாம்பிள் பாப்போம்னீங்க." பையை மாட்டிக்கொண்டாள். "லேட்டாச்சு, பெல்லடிச்சிருவாங்க."

நாள் முழுக்க மனசில்லை. வெண்டை கேட்டவருக்குக் கத்தரி கொடுத்து அனுப்பிவிட்டேன். இன்னும் எதையெதையெல்லாம் எங்களுக்காகத் தப்பாகப் போட்டிருக்கிறாள்? பிளஸ் ஒன்னில் உயிரியல் சேர்ந்த குரூப்பே போதும் என்றது. ஊட்டி டூர் வேண்டாம் என்றது. அம்மா எடுத்த மாம்பழக் கலர் சுடிதாரைப் பிடிச்சிருக்கு என்றது. யோசிக்க யோசிக்க நீள்கிறது.

சாயங்காலம் வசந்தியிடம் சொன்னேன். "சாமிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேனே" என்றாள்.

பிப். 12, வியாழன்

பனி இல்லை. வசந்தி காபியை டக்கென்று வைத்துவிட்டுப் போனாள். சேகர் போன் மூன்று தடவை. எடுக்கவில்லை.

வகுப்புப் படிவம் மேஜையில். பெயர், பள்ளி, விலாசம் நான் நிரப்பினேன். கடைசியில் இரண்டு கட்டம்: நீட், ஜே.இ.இ. ஹரிணியிடம் இன்னொரு பேனாவை நீட்டினேன்.

"நீங்களே போட்டுருங்கப்பா. எதுன்னாலும் சரி."

இந்த வார்த்தையை எத்தனை வருஷம் நல்ல குணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குச் சரியில்ல" என்றேன்.

பேனா இப்போது அவள் கையில். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. வசந்தி கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஹரிணி படிவத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருப்பது ஓரக்கண்ணில் தெரிகிறது. நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் என் முகத்தில் எதையாவது படித்துவிடுவாள். அதற்காகத்தான் குனிந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எட்டு நாற்பது. கடை திறக்கவில்லை.

பேனா மூடியைக் கழற்றும் சத்தம்.