மில் நின்ற இடம்

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து காற்று. ஆடி பிறக்கும் முன்பே முந்திக்கொண்டது. கொடியில் அம்மாவின் மஞ்சள் சேலை, யாரையோ கூப்பிடுவதுபோல.

பார்சல் வந்துவிட்டது. தபால்காரர் வாசலில் நின்று உலுக்கப் பார்த்தார். "உள்ள என்னம்மா, அப்பளமா? ஒடையும்னு போட்டிருக்கு."

அச்சுக்கு முன் அனுப்பும் சோதனை இசைத்தட்டு. வெள்ளை உறை, வெள்ளை லேபிள், எழுத்து எதுவும் இல்லை. அம்மா தன் இருபத்திரண்டு வயதில் கிதார் வாசித்துக் கேசட்டாக வந்த ஒரே ஆல்பம். நடவுப்பாட்டு, தாலாட்டு, கும்மி மெட்டுகள், ஆனால் பாட்டு இல்லை, கிதார் மட்டும். இப்போது கறுப்புத் தட்டாக.

எலியாஸ் (குளிர்நாட்டுக்காரர், பழைய கேசட்டுகளைத் தேடிப் பிடித்து இசைத்தட்டாகப் போடுவது அவர் பிழைப்பு) எழுதியிருக்கிறார்: கேட்டுவிட்டுச் சரி என்று சொல்லுங்கள், அச்சுக்கு அனுப்பிவிடுகிறேன்.

அம்மா துடைத்த கையை மறுபடி துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பினாள். அதில் அவள் முகம். "கண்ணாடி கணக்கா இருக்கு." அவ்வளவுதான். கொண்டுபோய் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். எடுத்து பீரோவில் படுக்கவைத்தேன். சாய்த்தால் வளைந்துவிடுமாம்.

கேஸ் புக் செய்ய. ஆறாம் அத்தியாயம் மெய்ப்பு பார்க்க. ரெக்கார்டு ப்ளேயர். இந்த அன்னவாசலில் யாரிடம் இருக்கும்?

வியாழன், ஜூலை 10

மெய்ப்பு ஓடவில்லை. ஒரே வரியை நாலு தடவை படித்தேன், நாலு தடவையும் சரியாக இருந்தது.

மதியம் தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத ஒரு நேரம். அந்தக் கேசட் ஞாபகம். நான் பள்ளிக்கூடமே போகாத வயது. கிதாருக்கு அடியில் ஒரு முனகல் இருக்கும், பெரிய மிருகம் ஒன்று நிம்மதியாகத் தூங்குவதுபோல. அதன் வயிற்றில் தலைவைத்துத்தான் நானும் தூங்கினேன். டேப்ரெக்கார்டரின் சத்தம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பிறகு நாடா சிக்கி அறுந்துபோனது. அப்பா அதை உருவி நாற்றங்கால்மேல் இழுத்துக் கட்டினார், குருவி விரட்ட. காற்றில் மினுங்கிக்கொண்டு அதுவும் முனகியது. அம்மாவின் பாட்டுதான் வயலில் ஓடுகிறது என்று நம்பினேன்.

அப்பா போய் வருடம் திரும்பிவிட்டது. போன வாரம் தலைத்திதி. அதுவரை வீட்டில் பாட்டு இல்லை, டிவி இல்லை. அம்மா கண்டிப்பு. எலியாஸ் அனுப்பிய சுத்தம் செய்த பதிவுகள் என் போனில் திறக்காமலே கிடந்தன. "நல்லாத்தான் செஞ்சிருப்பாங்க. சரின்னு எழுதிப் போடு" என்றாள். எழுதினேன். அவள் கேட்காததை நான் கேட்பது என்னவோ எச்சில் பண்ணுவதுபோல இருந்தது.

ப்ளேயர் கிடைத்துவிட்டது! புதுக்கோட்டையில் மைக்செட் கடை, ரஹ்மத் பாய். பக்கத்து வீட்டு அக்கா சொன்னது. "எங்க கல்யாணத்துக்கு அவருதான். பொண்ணு அழுததே கேக்கல, அம்புட்டுச் சத்தம்."

சனி, ஜூலை 12

பஸ்ஸில் தட்டு என் மடியில், நெஞ்சோடு அணைத்தபடி. ஒருவர் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார், உள்ளே குழந்தை என்று நினைத்தாரோ என்னவோ.

பாய் கடை முழுக்கப் புனல் ஸ்பீக்கர்கள், ஊதா ஊதாவாகப் பூத்ததுபோல. ப்ளேயரைத் துணி விலக்கிக் காட்டினார். ஊசியை ஊதினார். புனலில் மாட்டப் போனவரை அம்மா தடுத்தாள்.

"வேணாம் பாய். ரோடு பூராம் கேக்கும்."

"கேக்கத்தானக்கா ரெக்கார்டு?"

கடைசியில் சின்னப் பெட்டி ஸ்பீக்கர். சுழன்றது. அம்மாவின் விரல்கள் கம்பியில் நகரும் கீச்சுகூடக் கேட்டது, அத்தனை தெளிவு.

பாய் கொஞ்ச நேரம் பொறுத்தார். "பாட்டு எப்பக்கா வரும்?"

"வராது பாய்."

"வராதா." யோசித்தார். "அப்ப பாடுறவுக லேட்டா?"

அம்மா சிரித்தாள். நான்காவது மெட்டு வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்தில் இருந்தது. அதன் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது.

"பாய், நாலாவத மறுபடி வைங்க."

வைத்தார். முடிந்ததும், "இன்னொரு தடவ." புடவை முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். பாய் டீ சொன்னார்.

எனக்கும் என்னவோ குறைந்தது. கிதார் அழகு. ஆனால் சுவர் இல்லாத இடத்தில் சுவர் இருப்பதாக நினைத்துச் சாய்ந்து உட்கார்ந்தவள்போல. முனகல் இல்லை. மிருகம் எழுந்து போய்விட்டது.

தட்டை உறையில் போட்டு என்னிடம் கொடுத்தாள். "இதுல ஒங்கப்பா இல்ல."

திரும்பும் பஸ்ஸில் அம்மாவின் முகம் ஜன்னல் பக்கம்.

ஞாயிறு, ஜூலை 13

மேகம், மழை இல்லை. வெங்காயம் காயப்போட்டோம்.

அம்மா தானாகவே சொன்னாள். முறத்தைப் பார்த்துக்கொண்டு. வரிசையாக இல்லை, நான்தான் கோத்து எழுதுகிறேன்.

பதிவு செய்தது வல்லத்திராக்கோட்டை ரைஸ்மில்லின் பின்அறையில். நெல் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் எதிரொலிக்காது என்று டேப்ரெக்கார்டர் கொண்டுவந்தவர் சொன்னாராம். ஆனால் முன்பக்கம் மில் ஓடுகிறது.

"அறுப்பு நேரம். நிப்பாட்டுங்கன்னு எந்த வாயால கேக்குறது? வெளிய அம்புட்டுப் பேரு நெல்லோட உக்காந்துருக்காக. அதான் அடிக்கம்பிய மோட்டார் சத்தத்தோட சேத்து வச்சேன். அது பாட்டுக்கு சுருதி போடட்டும், நம்ம பாட்டுக்கு வாசிப்போம்னு."

ஆக, மிருகம் மில் மோட்டார். அதை ஓட்டியது அப்பா. அப்போது அவர் யாருக்கும் அப்பா இல்லை, மில்லில் வேலை பார்க்கும் யாரோ ஒரு ஆள்.

நான்காவது மெட்டின் நடுவில் மோட்டார் நின்றுவிட்டது. வெளியே நெல்லோடு காத்திருந்த ஒரு பெண், "ஏன்டாப்பா நிப்பாட்டிட்ட?" அப்பா, "கரண்டு போயிருச்சு அத்தாச்சி."

"நான் டேப்ரெக்கார்டரப் பாத்தேன். அதுவும் அதே கரண்டுலதான் ஓடுது. செவப்பு லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருக்கு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கை நின்னு போச்சு."

"அப்பறம்?"

"அப்பறம் என்ன. மீதிய வாசிச்சேன்."

"நீங்க வாசிக்கிறதக் கேக்கத்தான் நிப்பாட்டுனாரா?"

"அதக் கடைசி வரைக்கும் ஒத்துக்கலயே. கரண்டுதான் போச்சுன்னு சாதிச்சாரு மனுசன்." முறத்தைத் தட்டினாள். "கேசட்டுல எல்லாம் இருந்துச்சு. மோட்டார் அடங்குறது, அந்தப் பேச்சு, நான் சும்மா இருந்தது. இப்ப ஒட்டுப் போட்ட எடமே தெரியல. நல்லாத்தான் தச்சிருக்கான்."

என் போனில் அப்பாவின் குரல் இருக்கிறது. பஸ் ஏறிட்டியா, சாப்பிட்டியா. பிறகு இருமல் கலந்த குரல். அம்மாவைத் தெரியாத, அம்மாவுக்காகப் பொய் சொல்கிற குரல் அந்த ஒரு இடத்தில் மட்டும்.

திங்கள், ஜூலை 14

எலியாஸுக்கு எழுதிவிட்டேன். முதலில் நீளமாக. பிறகு அழித்துச் சுருக்கமாக: அச்சை நிறுத்துங்கள். அந்த இரைச்சல் அம்மாவின் சுருதி. அந்த இடைவெளி என் அப்பா.

கோபம் வரவில்லை அவர்மேல். பிழை என்று நினைத்ததை எடுத்திருக்கிறார். நாள் பூராவும் நான் பார்ப்பதும் அந்த வேலைதான். இன்று ஒரு கதையில் நான் அடித்து நீக்கிய மூன்று புள்ளிகளைத் திரும்ப வைத்தேன்.

செவ்வாய், ஜூலை 15

பதில். மன்னிப்புக் கேட்டிருக்கிறார், அழகாக. ஆனால்: தன்னிடம் இருப்பது சுத்தம் செய்தது மட்டும். இரவல் வாங்கிய கேசட்டை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று, அவர் ஊர் ஊராகச் சுற்றுகிறவர். சுத்தம் செய்யும் முன் எடுத்த முதல் நகல் பழைய கணினியில் இருக்கலாம், அழிந்தும் இருக்கலாம். தேடுகிறேன். கிடைத்தாலும் யோசியுங்கள், வாங்குகிறவர்கள் தட்டில் கோளாறு என்று திருப்பி அனுப்புவார்கள்.

படித்துச் சொன்னேன். அம்மா ரசத்துக்கு உப்புப் போட்டாள். கொஞ்சம் கழித்து மறுபடி போட்டாள்.

"திருப்பி அனுப்புனா அனுப்பட்டும். இல்லாட்டி இந்தத் தட்டே வேணாம்னு எழுது."

"அம்மா, இத்தன பாடுபட்டு…"

"வேணாம்னு எழுது."

எழுதினேன். உப்புக் கரித்த ரசத்தைச் சாப்பிட்டோம்.

புதன், ஜூலை 16

ஒன்றும் வரவில்லை. மின்கம்பியில் ஒரு பட்டத்தின் வால், நாடாத் துண்டுபோல. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா இரண்டு தடவை வாசலுக்கு வந்தாள். "போனு வேல செய்யுதா?"

வியாழன், ஜூலை 17

ஆடி 1. புழுதி, வேப்பிலை, எங்கேயோ கோயில் ஸ்பீக்கர்.

வந்துவிட்டது. ஒரே ஒரு ஃபைல், கூட ஒரே வரி: அழியவில்லை, இப்படியே அச்சிடுகிறேன்.

அடுப்படியில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். போனைக் காலிச் சோற்றுச் சட்டிக்குள் வைத்தேன், சத்தம் திரண்டு வர. முதலில் மோட்டார். அதன்மேல் கிதார் சாய்ந்து உட்கார்ந்தது. முதுகுக்குச் சுவர் கிடைத்ததுபோல எனக்கே இருந்தது. நான்காவது. மோட்டார் மெல்ல மெல்ல இறங்கி அடங்குகிறது. கிதார் நிற்கிறது. குருவிகள். தூரத்தில், இளசாக, அவசரமாக ஒரு குரல்:

"கரண்டு போயிருச்சு அத்தாச்சி."

அம்மா தலை நிமிரவில்லை. ஒரு காம்பை ஒடித்தாள்.

"பொய்யி" என்றாள்.