கயிற்றில் பறந்த ஹெலி

இன்று காலை எங்கள் ஊர் முரசுமோட்டை வானத்தில் மறுபடியும் சுழலிச் சத்தம் கேட்டது. கையிலிருந்த தேநீரை வைத்துவிட்டுக் குசினி வாசலுக்கு வந்தேன். கால்கள் தாமாகவே, யுத்த காலத்தில் பதுங்கும் பங்கர் இருந்த மூலைக்குத் திரும்பின. அங்கே இப்போது வாழை நிற்கிறது. அரைவழியில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் கனகம் கூப்பிட்டாள். "ரீச்சர், ஓடி வாங்கோ. வயலுக்கு மருந்தடிக்கிற மெசின் வந்திருக்கு. ஆளில்லாமப் பறக்குது. என்ன வடிவு, வந்து பாருங்கோவன்."

வடிவாம், அழகாம் என்கிறாள், கனகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இஞ்சருங்கோ, நீங்கள் உயிரோடு இருந்தபோது செய்த சின்ன ஹெலியும் வடிவாகத்தான் இருந்தது. தெற்கே விமானத் தளத்தில் மெக்கானிக்காக இருந்த காலத்தில் ஒரு சஞ்சிகையிலிருந்து வெட்டிவைத்த படத்தைப் பார்த்துச் செய்தீர்கள். ஏதோ ஒரு நாட்டு இராணுவம் பரீட்சித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்ட ஹெலிகொப்டர்; இரு பக்கமும் இரண்டு சுழலிகள். "சண்டைக்கெண்டு செய்து, ஒருநாளும் சண்டைக்குப் போகாத சாமான். அதுதான் எனக்குப் பிடிச்சது" என்பீர்கள். முள்முருக்கங் கட்டையைக் காகிதம்போலச் சீவி உடல் செய்தீர்கள். தீப்பெட்டியளவு இயந்திரம் அந்தத் தளத்திலிருந்து உங்கள் உடுப்புப் பெட்டிக்குள் வந்தது. அதற்கு மண்ணெண்ணெயும் ஆமணக்கெண்ணெயும் ஈதரும் கலந்து ஊற்றவேண்டும்.

"விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லை. உங்கட ஹெலிக்கு மட்டும் இருக்குதோ?" என்று கேட்டேன்.

"இஞ்சரப்பா, ஒரு மூடிதானே. அதுவும் பசிச்சுப்போய்க் கிடக்குது" என்றீர்கள்.

முதல் முறை அது கிணற்றுத் தூணில் கட்டிய கயிற்றோடு முருங்கைக்கு மேலே எழும்பியபோது, இராணுவ ஹெலி என்று ஒழுங்கைச் சனம் முழுவதும் பங்கருக்குள் விழுந்தது. நாய்கள் முதலில், பிறகு மனிதர். சவரம் செய்துகொண்டிருந்த கனகத்தின் கணவர் செல்வராசா அரை முகச் சவர்க்காரத்தோடு குதித்தவர். வெளியே வந்து கயிற்றைக் கண்டதும் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தார். "அண்ணை, சுடாமல் விட்டதுக்கு உங்கட ஹெலிக்குப் பெரிய உபகாரம்" என்றார். அதன் பிறகு நீங்கள் அதைப் பறக்கவிடும் நாட்களிலெல்லாம் அவர்தான் முதல் ஆள்.

பிறகு ஒரு காலை உண்மையான இராணுவ ஹெலி வந்தது. பங்கருக்குள் இருந்து கனகம் கத்தியிருக்கிறாள். செல்வராசா கிணற்றடியில் நின்று, "உது அண்ணையின்ர ஹெலி. முகத்தைக் கழுவிப்போட்டு வாறன்" என்றாராம். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

செத்தவீட்டில் அத்தனை பேருக்கும் முன்னால் நீங்கள் தலைகுனிந்து நின்றீர்கள். "என்னால வந்தது. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." உங்களில் பிழையில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்க, கைகாட்டி நிறுத்தினீர்கள். வீட்டுக்கு வந்து கோடரியை எடுத்து ஹெலியைக் கொத்தினீர்கள்.

அந்தக் கைகாட்டலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நான் கன்னியர் மடத்தில் படித்தவள். செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்பது தாழ்மை அல்ல, அதுவும் பொய்தான் என்று அங்கே எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். மேலேயிருந்து சுட்டவன் மன்னிப்புக் கேட்கவில்லை. சுடச் சொன்னவனும் கேட்கவில்லை. விளையாட்டுச் சாமான் ஒன்றைக் கயிற்றில் கட்டி வைத்திருந்த நீங்கள் கேட்டீர்கள். கடைசியில் படுக்கையில் கிடந்த காலத்திலும், கனகம் கஞ்சி கொண்டு வரும்போதெல்லாம் மன்னித்தேன் என்ற ஒரு சொல்லுக்காக அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவள் கஞ்சியை வைத்துவிட்டுப் போனாள்.

இன்று வயல் வரம்பில் அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "உமக்குப் பயமாயில்லையோ, கனகம்?"

"முதல் சத்தத்துக்கு நெஞ்சு அடிச்சதுதான். பிறகு என்னெண்டு கண்டிட்டன்தானே, ரீச்சர்."

"எங்கட மனுசன் உங்கட வீட்டு முற்றத்தில குனிஞ்சு நிண்டவர். அவர் செய்த பிழை என்ன?"

இயந்திரம் வயலின் அந்தத் தலைப்புவரை போய்த் திரும்பியது. "நாங்கள் அவரை மன்னிப்புக் கேக்கச் சொல்லேல்லையே."

"வேண்டாமெண்டும் சொல்லேல்லை."

சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "அண்டைக்கு ஆரிலையாவது கோவிக்க வேணுமா இருந்தது, ரீச்சர். மேல போனவனை எங்க போய்ப் பிடிக்கிறது? அண்ணை பக்கத்தில நிண்டார். அவரில பிழையில்லை. என்ர மனுசனை அவர் கொல்லேல்லை" என்றாள்.

"இதை அவர் இருக்கேக்கை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்."

நான் அவளைத் தேற்றவில்லை. என் மனம் ஆறவும் இல்லை. வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தேன். கோடரி விழுந்த அன்று விறகுச் சிராய்களுக்குள் இருந்து நான் பொறுக்கி எடுத்த ஒரு சுழலித் தகடு, சீலைகளுக்கு அடியில் இருக்கிறது. நீங்கள் அறிந்திருக்கமாட்டீர்கள். ஆமணக்கெண்ணெய் மணம் இன்னும் போகவில்லை. அதை உங்கள் படத்துக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் காணும்படி வைத்திருக்கிறேன்.

இஞ்சருங்கோ, அந்த முற்றத்தில் நீங்கள் கேட்ட மன்னிப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கோபத்தை மட்டும் நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதை யாரிடம் கொடுக்கவேண்டுமோ அவர்கள் மேலேயிருந்து கீழே இறங்கி வரவேயில்லை.