தையல் மெஷினின் பெடல்

மார்ச் 3

அன்புள்ளவளுக்கு,

நீ போய் இரண்டு மாதம். தங்கை வீட்டில் சௌகரியமாக இருப்பாய்.

எனக்கு முழங்கால் மடங்குவதில்லை. மண்வெட்டி இனி ஆகாது. தோட்டத்துக்கு ஒரு குட்டி டிராக்டர் கட்டுகிறேன். ஸ்கூட்டர் இன்ஜின், பழைய இரும்புக் கடையில் எடுத்த வேன் ஆக்சில், கட்டில் சட்டம். நேற்று முதல் ஓட்டம். முதல் கியர் போட்டேன், பின்னால் போனது. நான்கு கியரிலும் பின்னால்தான். ஆக்சிலைத் தலைகீழாக மாட்டியிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் சாய்ந்துகொண்டு, "என்ன வாத்தியாரே, போன வருஷத்துக்கா கெளம்பிட்டீங்க?" என்றார்.

போக முடிந்தால் தேவலை.

நான்தான்.

மார்ச் 11

பௌதிக வாத்தியாருக்கு,

ஆக்சில் கதையைத் தங்கைக்கு வாசித்தேன். சிரித்தோம்.

இங்கே ஒரு துணிக்கடையில் தைக்க ஆள் கேட்கிறார்கள். சொந்த மெஷின் வேண்டுமாம். என்னுடையதை அனுப்புங்கள். முழுசாக. என் ரேடியோ, என் சைக்கிள், எதைப் பிரிக்கும் முன்னாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கிறீர்களா?

உங்கள் அவள்.

மார்ச் 19

அன்புள்ளவளுக்கு,

மெஷின் பத்திரம். லாரிதான் கிடைக்கவில்லை.

ஆக்சிலைத் திருப்பிவிட்டேன். முன்னால் போகிறது. அரைப் பாத்தி உழுதேன். கிளட்ச் பெடல் பிரமாதம். நடுவில் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கால் வைக்கிறேன்.

நான்தான்.

மார்ச் 24

அந்த வழவழப்பு என் குதிகால். இருபத்திரண்டு வருஷம்.

திங்கட்கிழமைக்குள் மெஷின் வராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

மார்ச் 26

அன்புள்ளவளுக்கு,

பெடலைக் கழற்றி, பழையபடி மாட்டி, மெஷினை இன்று லாரியில் ஏற்றிவிட்டேன். பெடலில் நான் போட்ட இரண்டு துளைகளை அடைக்க முடியவில்லை. டிராக்டர் அரைப் பாத்தியில் நிற்கிறது. வேறு பெடல் தேடவில்லை.

கிளம்பும்போது, "ஒரு தடவ கேட்டிருக்கலாம்ல" என்றாய். சைக்கிளைச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

இப்போது கேட்கிறேன். வந்து உன்னை அழைத்துக்கொண்டு போகட்டுமா?

நான்.

ஏப்ரல் 8

வாத்தியாருக்கு,

மெஷின் ஞாயிறன்றே வந்தது. வேலையும் கிடைத்தது. துளைகளின் விளிம்பு காலைக் கீறுகிறது. மேலே துணி ஒட்டியிருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் கேட்காமல் வாசலில் வந்து நின்றிருந்தால், பழக்கத்தில் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்திருப்பேன்.

கேட்டுவிட்டீர்கள். யோசித்தேன்.

வேண்டாம்.

தையல்காரி.